பிஸ்கட் நின்ற இடங்கள்

டென்காம் பிரபு இறந்த மூன்றாம் நாள், லண்டனிலிருந்து ரயிலில் இரண்டு பீரங்கிகள், பதினாறு மூட்டை கறுப்புத் துணி, ஒரு கறுப்புக் குதிரை எல்லாம் வந்து இறங்கின. அவற்றை மேய்த்துக்கொண்டு கேப்டன் பிளைத்தும் வந்தார்.

கேப்டனின் ஒரு கையில் கடிகாரம், மறு கையில் பட்டியல். இரண்டையும் அவர் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிடும்போது என்னதான் செய்வார் என்று மாளிகைச் சமையலறையில் பெரிய விவாதமே நடந்தது.

லாய வாசலில் நின்று அவர் பட்டியலைப் படித்தார்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஊர்வலம் புறப்படும். முன்னால பேண்டு வாத்தியம். அப்புறம் பீரங்கி வண்டியில பிரபுவோட பெட்டி. அதுக்குப் பின்னால குதிரை. அதுக்கும் பின்னால மந்திரிங்க, பிரபுங்க. பத்தே முக்காலுக்குத் தேவாலயம். ஒரு நிமிஷம் முன்னயும் இல்ல, ஒரு நிமிஷம் பின்னயும் இல்ல."

அந்தக் குதிரையின் மேல் யாரும் உட்கார மாட்டார்கள். சேணம் வெறுமையாக இருக்கும். கால் வைக்கிற அங்கவடிகளில் இறந்தவருடைய பூட்ஸ் இரண்டையும் பின்பக்கம் திருப்பி மாட்டிவிடுவார்கள். பெரிய படைத்தலைவர் இறந்தால் அப்படித்தான் வழக்கம். தன் ஆட்களைக் கடைசியாக ஒருமுறை அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறார் என்று அர்த்தம்.

குதிரைக்காரர் ரூபன் தொப்பியைக் கையில் பிடித்தபடி தலையாட்டினார். அவருடைய மகள் ஹெட்டிக்குப் பத்து வயது. அவள் லாயத்துக்குள் ஓடி, ஒரு குதிரையைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, இதுதான் அவரோட குதிரை. பேரு பிஸ்கட்."

கேப்டன் பிஸ்கட்டைப் பார்த்தார். பிஸ்கட்டும் கேப்டனைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கவில்லை.

பிஸ்கட்டுக்கு வயது இருபத்தாறு. பழுப்பு நிறம். முதுகு நடுவில் தொய்ந்திருக்கும். வயிறு பீப்பாய் மாதிரி இருக்கும். இடது காதில் பாதியை எதிரியின் குண்டு ஒன்று கொண்டுபோய்விட்டது.

"பிஸ்கட்டா?" என்றார் கேப்டன். "நாட்டுக்கே தளபதியா இருந்தவரோட குதிரைக்கு பிஸ்கட்னா பேரு?"

"சண்டையில நாலு நாள் சாப்பாடே இல்லையாம் ஐயா. பிரபுகிட்ட ஒரே ஒரு பிஸ்கட் மிச்சம் இருந்துச்சாம். அதுல பாதிய இவளுக்குக் குடுத்தாராம். அன்னியிலேர்ந்து இவ பேரு..."

"போதும் பொண்ணே. இந்தக் கிழட்டுக் குதிரைய வச்சுக்கிட்டு மந்திரிங்க முன்னால நான் தலைகாட்ட முடியாது. நான் சுல்தானக் கொண்டு வந்திருக்கேன். பூட்ஸ அது சுமக்கும்."

கறுப்புக் குதிரை சுல்தான் பளபளவென்று இருந்தது. அதன் பிடரியைச் சீவிவிடவே தனியாக ஓர் ஆள் வந்திருந்தான்.

ஹெட்டி பிஸ்கட்டின் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏனென்றால் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

டென்காம் பிரபு பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர். முப்பது ஆண்டுகள் சண்டை போட்டார். ஒரு பக்கக் காது பீரங்கிச் சத்தத்தில் செவிடாகிவிட்டது. அதன் பிறகு நாடாளுமன்றத்துக்குப் போய் மந்திரியும் ஆனார். ரொட்டியின் மேல் வரி போடலாம் என்று மற்ற மந்திரிகள் எல்லாரும் சொன்னார்கள். அவர் ஒருவர் மட்டும் எழுந்து நின்று, கூடவே கூடாது என்றார். அவர்கள் கேட்கவில்லை. பிரபு பதவியை மேசைமேல் வைத்துவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார்.

வந்தவர் தினமும் காலை எட்டு மணிக்கு ஊருக்குள் நடந்து போவார். பிஸ்கட் கயிறு இல்லாமல் அவர் தோளை ஒட்டி நடந்து வரும். அவர் அதன்மேல் ஏறுவதில்லை. "இருபது வருஷம் அவ என்னைச் சுமந்துட்டா. இனிமே ரெண்டு பேரும் சேந்து நடப்போம்," என்பார்.

பள்ளிக்கூடம் போகிற ஹெட்டியும் அவர்களோடு நடப்பாள். "என்ன, சிப்பாய் ஹெட்டி! மூக்கத் தொடச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் புறப்படுவார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர் படுக்கையில் விழுந்தார். ஹெட்டி தினமும் பிஸ்கட்டை அவருடைய ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்துவாள். ஒருநாள் அவளை மேலே கூப்பிட்டார்.

"சிப்பாய், நான் போறப்போ பிஸ்கட் என் பின்னாலயே வரணும். அவள லாயத்துல கட்டிப்போட்டுட்டுப் போயிட்டா, நான் அவள விட்டுட்டு ஓடிட்டேன்னு நெனச்சுக்குவா. வரவைப்பியா?"

"வரவைக்கிறேன் ஐயா."

"சத்தமாச் சொல்லு. எனக்கு ஒரு காதுதான்."

"வரவைக்கிறேன் ஐயா!"

அவர் கை கொடுத்தார். ஹெட்டி அதைப் பிடித்துக் குலுக்கினாள். அவ்வளவு பெரிய கை, அவ்வளவு லேசாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து அவள் அழுதாள்.

மறுநாள் விடிந்தபோது ஹெட்டி லாயத்தில் இருந்தாள். பிஸ்கட்டின் முதுகை வைக்கோலால் தேய்த்தாள். பிரஷ்ஷால் தேய்த்தாள். குளம்புகளுக்கு எண்ணெய் போட்டாள். பழைய சேணத்தில் முகம் தெரிகிற அளவுக்கு மெழுகு ஏற்றினாள்.

அப்பா வந்து பார்த்தார். "என்ன பாப்பா இது? கேப்டன் ஐயாதான் வேணாம்னுட்டாரே!"

"சும்மா தேச்சுவிடறேம்பா. தேய்க்கக் கூடாதுன்னு பட்டியல்ல இருக்கா?"

ரூபன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். ஹெட்டியோடு பேசி அவர் ஜெயித்ததே இல்லை.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் முற்றத்தில் எல்லாம் வரிசையாக நின்றன. பீரங்கி வண்டியில் கொடி போர்த்திய பெட்டி. அதன் பின்னால் சுல்தான். அதன்மேல் பிரபுவின் பூட்ஸ். வாசல் ஓரமாக இரண்டு பீரங்கிகள். கேப்டன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெட்டி அவர் பக்கத்தில் போய் நின்றாள். "ஐயா, சுல்தானுக்குப் பீரங்கி பழக்கமா?"

"சுல்தான் அரண்மனை அணிவகுப்புல நடந்த குதிரை, பொண்ணே."

"நடந்துச்சு, சரி ஐயா. பக்கத்துல பீரங்கி வெடிச்சுதா?"

கேப்டன் பதில் சொல்வதற்குள் மணி பத்து ஆகிவிட்டது. அவர் கையை உயர்த்தினார். பீரங்கி வெடித்தது.

அரண்மனையில் பீரங்கி கிடையாது போலிருக்கிறது. சுல்தான் இரண்டு காலில் எழுந்து நின்றது. பிடரி சீவுகிறவன் ஒரு பக்கம் விழுந்தான். குதிரை பூச்செடிகளைத் தாண்டி, புல்வெளியைத் தாண்டி, நேராக வாத்துக்குளத்துக்குள் இறங்கி, நடுவில் போய் நின்றுகொண்டது. வாத்துகள் கரையேறிக் கத்தின. ஒரு பூட்ஸ் மட்டும் தண்ணீரில் படகு மாதிரி மிதந்தது.

மந்திரிகள் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வந்தால் பெரியவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

ஹெட்டி குளத்தில் இறங்கி இரண்டு பூட்ஸையும் எடுத்தாள். ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்தபோது தண்ணீரோடு ஒரு தவளையும் வந்து விழுந்தது.

"ஐயா, பிஸ்கட் தயாரா இருக்கா. சேணமும் போட்டாச்சு. அவ எத்தனையோ பீரங்கியப் பாத்தவ."

கேப்டன் குளத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லை.

"சரி. ஆனா ஒண்ணு. வழியில ஏதாவது தகராறு பண்ணா அங்கேயே அவுத்து லாயத்துக்கு ஓட்டிடுவேன். புரியுதா?"

ரூபன் ஈரப் பூட்ஸைப் பின்பக்கம் திருப்பி, பிஸ்கட்டின் அங்கவடிகளில் மாட்டினார். இரண்டாவது பீரங்கி வெடித்தது. பிஸ்கட் மிச்சமிருந்த அரைக்காதைக்கூட அசைக்கவில்லை.

ஊர்வலம் நகர்ந்தது. ரூபன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். ஹெட்டி ஈரக் காலோடு பக்கத்தில் நடந்தாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

தெருவின் இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் கயிற்றுக்குப் பின்னால் வாய் பேசாமல் நிற்க வேண்டும் என்பது உத்தரவு. தேவாலயத்திலும் அவர்களுக்கு இடமில்லை. லண்டன்காரர்களுக்கே இருக்கை போதவில்லையாம்.

ரொட்டிக்கடை வந்தது. பிஸ்கட் நின்றது.

ரூபன் கடிவாளத்தை மெதுவாக இழுத்தார். பலமாக இழுத்தார். பிஸ்கட் அசையவில்லை. பின்னால் வந்த மந்திரி நிற்க, அவர்மேல் ஒரு பிரபு மோத, பிரபுமேல் இன்னொரு பிரபு மோதினார். முன்னால் பெட்டி மட்டும் பீரங்கி வண்டியில் போய்க்கொண்டே இருந்தது. கேப்டன் ஓடிப்போய் அதை நிறுத்தினார். திரும்பி வந்தபோது அவர் முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

ஹெட்டி பிஸ்கட்டின் காதருகே போய், பிரபு தினமும் சொல்வதைச் சொன்னாள். "போலாமா, கிழவி?"

பிஸ்கட் நகரவில்லை. ரொட்டிக்கடைக் கதவையே பார்த்தது.

"ரூபன்! குதிரைய அவிழ்!" என்றார் கேப்டன்.

ஹெட்டியும் அந்தக் கதவைப் பார்த்தாள். சட்டென்று விஷயம் புரிந்தது. இது தகராறு இல்லை. பிரபு தினமும் நிற்கிற இடம் இது. யாராவது அவருக்கு வணக்கம் சொல்லாமல் பிஸ்கட் எப்படி நகரும்?

அவள் கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடினாள். கயிற்றுக்குப் பின்னால் ரொட்டிக்கடை டாட் அம்மா நின்று அழுதுகொண்டிருந்தார்.

"டாட் அம்மா! அவருக்கு வணக்கம் சொல்லுங்க. தினமும் சொல்ற மாதிரியே!"

"ஐயையோ, எப்படிடி சொல்வேன்? பேசக் கூடாதுன்னு உத்தரவு."

"பிஸ்கட்டுக்கு அந்த உத்தரவு தெரியாதே!"

டாட் அம்மா மேலங்கியால் மூக்கைத் துடைத்தார். கடைக்குள் போய் ஒரு ரொட்டித் துண்டோடு வந்தார். கயிற்றைத் தாண்டித் தெருவில் நின்றார்.

"காலை வணக்கம் ஐயா," என்றார் வெறும் சேணத்தைப் பார்த்து. "இன்னிக்கு ரொட்டி கொஞ்சம் கருகிப்போச்சு. நீங்க கருகினதுதான் ருசின்னு சொல்வீங்க. பொய்யின்னு எனக்குத் தெரியும் ஐயா. தெரிஞ்சும் தினமும் சந்தோஷப்பட்டேன்."

பிஸ்கட் ரொட்டியை மென்று விழுங்கியது. நடக்க ஆரம்பித்தது.

"இன்னும் எத்தனை இடத்துல இந்தக் கூத்து?" என்று கேட்டார் கேப்டன்.

"மூணு ஐயா. ஜோனஸ் கடை, பாலம், பள்ளிக்கூடம்."

"மூணா! பிஷப் காத்துக்கிட்டிருக்காரு! முடியாது. அவுத்துடு ரூபன்."

"ஐயா, ஐயா! நான் முன்னால ஓடி எல்லாரையும் தயாரா நிக்கச் சொல்றேன். ஒவ்வொரு இடத்துலயும் நீங்க இருபது எண்ணுங்க. அதுக்குள்ள அவ நகரலேன்னா நானே அவளக் கூட்டிட்டுப் போயிடறேன். அப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

பின்னால் இருந்த வயதான குண்டு மந்திரி கைத்தடியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். "இருபது எண்றதுல என்ன கேப்டன், முப்பதுகூட எண்ணுங்க. எனக்கும் கொஞ்சம் நின்னா நல்லாத்தான் இருக்கு."

"இருபது," என்றார் கேப்டன்.

ஹெட்டி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

செருப்புத் தைக்கும் ஜோனஸுக்கு ஒரு கால்தான். முன்பு பட்டாளத்தில் முரசு அடித்தவர். காலில் குண்டு பட்டு விழுந்தபோது, பிரபு அவரைத் தூக்கி பிஸ்கட்டின் மேல் வைத்துவிட்டு, பனியில் பதினெட்டு மைல் கூடவே நடந்தார். அதை ஜோனஸ் ஊரில் எல்லாருக்கும் நூறு முறையாவது சொல்லியிருப்பார்.

பிஸ்கட் வந்து நின்றபோது ஜோனஸ் கடை வாசலில் ஊன்றுகோலோடு விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். சல்யூட் அடித்தார்.

"ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணினார் கேப்டன்.

"முரசுக்காரன் ஜோனஸ், சார்! பித்தான் எல்லாம் சரியா இருக்கு சார்! தினமும் ஒண்ணு குறையுதுன்னு என்னை மிரட்டுவீங்க. இன்னிக்கு நானே ஒண்ண வேணும்னே போடல சார். பாத்துக்குங்க!"

மேலிருந்து மூன்றாவது பித்தான் இல்லை. பிஸ்கட் அவர் சட்டையை மூக்கால் ஒருமுறை முகர்ந்துவிட்டு நடந்தது. கேப்டன் பதினாலு வரைக்கும்தான் எண்ணியிருந்தார்.

அதற்குள் ஹெட்டி பள்ளிக்கூடம் வரை ஓடி, ஆசிரியை மிஸ் ஹார்ட்டிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மூச்சிரைக்கப் பாலத்துக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

பாலத்தில்தான் சிக்கல். அங்கே வீடு இல்லை, கடை இல்லை. யாரை அழைத்து நிறுத்துவது?

குறுகலான கல்பாலம். பெட்டி அந்தப் பக்கம் போய்விட்டது. பிஸ்கட் சரியாக நடுப்பாலத்தில் நின்றது. பின்னால் வந்த மொத்த ஊர்வலமும் நின்றது. பேண்டு ஓய்ந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கேப்டன் சுற்றிலும் பார்த்தார். "இங்கதான் யாருமே இல்லையே!"

"இருக்காங்க ஐயா," என்றாள் ஹெட்டி. "பதினோரு பேர் இருக்காங்க."

கேப்டன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு எண்ணத் தொடங்கினார். "ஒண்ணு..."

பிரபு இங்கே தினமும் தொப்பியைக் கழற்றுவார். சில பெயர்களைச் சொல்வார். யார் அவர்கள் என்று ஹெட்டி ஒருமுறை கேட்டாள். "ஒரு ஆத்தக் கடக்கறப்போ எனக்கு முன்னால தண்ணியில இறங்கினவங்க. அவங்க இறங்கினாங்க, நான் கரையேறிட்டேன்," என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. மூன்று வருடமாகத் தினமும் கேட்டுக் கேட்டு ஹெட்டிக்கு அந்தப் பெயர்கள் பாடமாகிவிட்டிருந்தன.

அவள் தன் தொப்பியை அவிழ்த்தாள். பெண்பிள்ளைகள் தொப்பியைக் கழற்றுவது வழக்கமில்லை. ஆனாலும் கழற்றினாள்.

"டாம் ஹேஸல்," என்றாள்.

"ரெண்டு..."

"ஜார்ஜ் பின்னி. செம்பட்டைத் தலை நெட். பெரிய ஆர்தர். சின்ன ஆர்தர்."

கேப்டன் எண்ணிக்கொண்டே போனார். ஹெட்டி சொல்லிக்கொண்டே போனாள். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவது பெயரையும் சொல்லிவிட்டுக் கடைசிப் பெயருக்கு வாயைத் திறந்தாள். அப்போதுதான் அது அவளுக்கே உறைத்தது. தினமும் கேட்ட பெயர்தான். ஆனால் நேற்று வரைக்கும் அது வெறும் பெயர். அவள் கேப்டனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வில்லியம் பிளைத்," என்றாள் மெதுவாக.

கேப்டனின் எண்ணிக்கை நின்றது.

அவர் பாலத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார்.

"அது என்னோட அப்பா," என்றார் கேப்டன் கடைசியில். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "நான் ரெண்டு மாசக் குழந்தையா இருக்கறப்போ செத்துப்போனாரு. அவரோட பேரு இப்ப யாருக்கும் ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சேன்."

"பிரபு தினமும் சொல்வாரு ஐயா. மழை பேஞ்சாலும் சொல்வாரு. ஜுரத்தோட வந்துகூடச் சொல்லியிருக்காரு."

கேப்டன் தலையிலிருந்த இறகுத் தொப்பியைக் கழற்றினார். தொப்பியைப் பிடிக்கக் கை வேண்டும். அதனால் பட்டியலை மடித்துச் சட்டைக்குள் வைத்தார். கடிகாரத்தையும் பைக்குள் போட்டார். பின்னால் மந்திரிகளும் பிரபுக்களும் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். குண்டு மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதை மறைக்கவும் இல்லை.

பிஸ்கட் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஹெட்டி சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது, வார்த்தை வரவில்லை.

கேப்டன் பிஸ்கட்டின் அரைக்காதருகே குனிந்தார். "போலாமா, கிழவி?" என்றார்.

பிஸ்கட் அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு நடந்தது.

பள்ளிக்கூட வாசலில் முப்பது பிள்ளைகள் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு மதில்மேல் ஏறி நின்றார்கள். பிரபு தினமும் இங்கே நிற்பார். மிகச் சின்னப் பிள்ளை எதுவோ அது ஒரு கணக்குக் கேட்கும். எப்போதும் அதே கணக்குத்தான். அவரும் எப்போதும் தப்பாகவே பதில் சொல்வார். உடனே பள்ளிக்கூடமே கத்தித் திருத்தும். அந்தச் சத்தம் கேட்டால்தான் பிஸ்கட் நகரும்.

ஆறு வயது பெர்ட்டி தொண்டையைக் கனைத்தான். "ஐயா, ஏழெட்டு எவ்வளவு?"

பதில் இல்லை. வெறும் சேணம் எப்படிப் பதில் சொல்லும்?

ஹெட்டி நெற்றியில் அடித்துக்கொண்டாள். எல்லாருக்கும் எல்லாம் சொல்லிவைத்தவள், இதை மறந்துவிட்டாள். பெர்ட்டியின் உதடு பிதுங்கியது. இன்னும் ஒரு நொடியில் முப்பது பிள்ளைகளும் அழுதுவிடுவார்கள் போலிருந்தது.

கேப்டன் குனிந்து ஹெட்டியின் காதில் கேட்டார். "அவர் என்ன சொல்வாரு?"

"ஐம்பத்தி நாலு."

"ஆனா அது ஐம்பத்தாறாச்சே!"

"தெரியும் ஐயா."

கேப்டன் பிளைத் தன் வாழ்நாளில் ஒரு கணக்கைக்கூடத் தப்பாகப் போட்டவர் இல்லை. பின்னால் நாட்டின் மந்திரிகள் எல்லாரும் நிற்கிறார்கள். அவர் நிமிர்ந்தார். மார்பை விரித்தார்.

"ஏழெட்டு," என்று அணிவகுப்புக் குரலில் முழங்கினார், "ஐம்பத்தி நாலு!"

"தப்பூ...! ஐம்பத்தாறு!" என்று முப்பது பிள்ளைகளும் தொண்டை கிழியக் கத்தினார்கள். மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. பெர்ட்டி மதிலிலிருந்து விழப்போனான். மிஸ் ஹார்ட் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க சபையில பிரபு இதுக்கு நேர்மாறு," என்றார் குண்டு மந்திரி. "மத்தவங்க கணக்குத் தப்பா இருந்தா உடனே கரெக்டாக் கண்டுபிடிச்சிடுவாரு. ரொட்டி வரியில தப்பு எங்களோடதுதான். இப்பத்தான் தெரியுது."

பிஸ்கட் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு, பெட்டியின் பின்னால் நடந்தது. கயிற்றுக்குப் பின்னால் நின்ற ஊர்க்காரர்களைக் கேப்டன் பார்த்தார். அவரே போய்க் கயிற்றை அவிழ்த்தார். டாட் அம்மாவும், ஜோனஸும், பிள்ளைகளும், மற்றவர்களும் ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்கள். பட்டியலில் அது இல்லை.

தேவாலய வாசலில் பிஷப் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். "பத்தே முக்கால்னு சொன்னீங்க கேப்டன். இப்ப மணி என்ன?"

கேப்டன் பையைத் தொட்டார். கடிகாரத்தை எடுக்கவில்லை.

"சரியான நேரம்தான், ஐயா," என்றார்.

குழியருகே சிப்பாய்கள் மூன்று முறை துப்பாக்கியால் சுட்டார்கள். பிஸ்கட் அசையாமல் நின்று, பெட்டி இறங்குவதைக் கடைசி வரை பார்த்தது. ஹெட்டி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். "பாத்தியா, உன்னை விட்டுட்டுப் போகல அவரு," என்று அதன் காதில் சொன்னாள்.

சாயங்காலம் ரயிலேறும் முன் கேப்டன் லாயத்துக்கு வந்தார். பட்டியலில் கடைசி வரி, 'குதிரைகளை விற்பது' என்று இருந்தது. அதில் நேற்று சேர்த்திருந்த பிஸ்கட்டின் பெயரைக் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் பென்சிலால் எழுதி ஹெட்டியிடம் காட்டினார்.

'பிஸ்கட்: தினமும் காலை எட்டு மணி. பள்ளிக்கூடம் வரை. பொறுப்பு: சிப்பாய் ஹெட்டி.'

அவர் அதைக் காட்டிக்கொண்டிருந்தபோதே பிஸ்கட் அவர் தொப்பியிலிருந்த வெள்ளை இறகைக் கடித்து இழுத்துத் தின்றுவிட்டது.

"இருக்கட்டும்," என்றார் கேப்டன். "இன்னிக்கு ரொம்ப தூரம் நடந்திருக்கா."

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஹெட்டியும் பிஸ்கட்டும் புறப்பட்டார்கள். டாட் அம்மா ரொட்டித் துண்டோடு வெளியே வந்தார். ஜோனஸ் சல்யூட் அடித்தார். பாலத்தின் நடுவில் ஹெட்டி தொப்பியைக் கழற்றி, பதினோரு பெயர்களைச் சொன்னாள். பிறகு பன்னிரண்டாவதாக டென்காம் பிரபுவின் பெயரையும் சத்தமாகச் சொன்னாள். அவருக்கு ஒரு காதுதான் கேட்கும்.

பள்ளிக்கூட மதில்மேல் பெர்ட்டி காத்துக்கொண்டிருந்தான். "ஏழெட்டு எவ்வளவு?"

"ஐம்பத்தி நாலு!" என்றாள் ஹெட்டி.

ஊரே அதிரும்படி பிள்ளைகள் அவளைத் திருத்தினார்கள். ஆனால் அன்று மத்தியானம் மிஸ் ஹார்ட் வைத்த கணக்குத் தேர்வில் அவள் ஐம்பத்தாறு என்றுதான் எழுதினாள்.